பத்தொன்பதும் இருபத்தொன்றும்

1

இந்தக் கதை என் அக்காவுடையது. அவள் இதை என்னிடம் கதையாகச் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே, நடுநடுவே தலையணை உறையின் ஜோடியைத் தேடிக்கொண்டே சொன்னாள். முடித்ததும், "இதையும் எடுத்து எழுதித் தொலைச்சிடாதே" என்றாள். சில மாதம் கழித்து அவளே, "எழுதறதுன்னா எழுது. யார் பேரும் வேண்டாம்" என்றாள். அதனால் பெயர் இல்லாமல் எழுதுகிறேன். பெயர் வைக்க வேண்டாம் என்றதில் எனக்கு ஒரு வேலை மிச்சம். இப்போதெல்லாம் அதுவே பெரிய ஆறுதலாக இருக்கிறது.

தொடக்கம் மட்டும் சரியாக அமையவில்லை. முதலில் இப்படி எழுதினேன்:

"விளக்கில் இருந்த பச்சை மனிதன் மறைந்தபோது தையல்காரர் இன்னும் சாலையைக் கடந்து முடிக்கவில்லை."

நல்ல வரிதான். ஆனால் உங்களை உட்கார வைப்பதற்காக ஒரு மனிதரை வண்டிக்கு முன்னால் நான் பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன். அடுத்தது:

"கம்ப்யூட்டருக்கு மறதி கிடையாது என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால்—"

ஆனால் என்ன? கட்டுரைப் போட்டியா இது? அதையும் விட்டேன். மூன்றாவதை இங்கே காட்டக்கூட வெட்கமாக இருக்கிறது. அதில் மழை பெய்தது. விபத்து நடந்த அன்று மழை இல்லை. நல்ல வெயில்.

ஆகவே, அக்காவின் வேலையிலிருந்து தொடங்குகிறேன். கொஞ்சம் சலிப்பாக இருக்கும். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது.

2

அக்காவுக்கு நகரப் போக்குவரத்து அலுவலகத்தில் வேலை. மூன்றாவது மாடி, சுவரோரம் ஒரு மேசை, முதுகுக்குப் பின்னால் பிரிண்டர். யாராவது எதையாவது அச்செடுக்க வந்தால் அவள் தன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். பதினாறு வருடமாக இழுத்துக்கொள்கிறாள்.

விநாடிகளைக் கணக்கிடுவது அவள் வேலை. சாலையை நடந்து கடக்கிற இடங்களில் பாதசாரிகளுக்கான பச்சை விளக்கு எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதை அவள் சொல்வாள். தெருவில் இருக்கிற இரும்புப் பெட்டியைத் திறந்து, அந்த எண்ணை அதில் வைப்பது ஃபிட்டரின் பொறுப்பு.

கணக்குக்கு அவள் பயன்படுத்துவதை அலுவலகத்தில் எல்லோரும் 'கறுப்புத் திரை' என்பார்கள். கால்குலேட்டருக்கு அண்ணன், முழு மென்பொருளுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி தட்டி என்டரை அழுத்தினால் அதை அப்போதே செய்துவிட்டு, அடுத்த வரிக்காகக் காத்திருக்கும். திறந்திருக்கிறவரை சொன்னதையெல்லாம் நினைவில் வைத்திருக்கும். மூடினால் எல்லாம் போச்சு. அதனால் சாயங்காலம் கிளம்பும்போது அக்கா ஒரு கட்டளை கொடுப்பாள். அன்று அவள் தட்டிய வரிகள் எல்லாம் வரிசையாக ஒரு ஃபைலில் போய் உட்காரும். இன்னொரு நாள் அந்த ஃபைலைத் திரையிடம் கொடுத்தால், அவளே உட்கார்ந்து தட்டுகிற மாதிரி முதல் வரியிலிருந்து கடைசி வரை அதுவே ஓட்டிக் காட்டும்.

இந்த மறுஓட்டம் அக்காவுக்கு ரொம்பப் பிடிக்கும். "வேற எதை இப்படி முதல்லேர்ந்து ஓட்டிப் பாக்க முடியுது சொல்லு" என்பாள். கல்யாணமான புதிதில் அத்தானோடு நடந்த ஒரு சண்டையைத்தான் மனதில் வைத்துச் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.

(ஒரு குறிப்பு: ஃபைலில் போய்ச் சேருவது அவள் தட்டியது மட்டும்தான். திரை சொன்ன பதில் சேராது. மணி சேராது. பக்கத்தில் யார் என்ன பேசினார்கள் என்பதும் சேராது.)

ஒரு கடக்குமிடத்துக்குக் கணக்கு நாலே வரி; பிறகு விடையைக் கேட்க வேண்டும். அவள் ஆங்கில எழுத்தில் தட்டுவதை நான் தமிழில் போடுகிறேன்:

அகலம் = 18
வேகம் = 0.8
நேரம் = மேல்முழுமை(அகலம் / வேகம்)
நேரம் = நேரம் - 2

சாலை பதினெட்டு மீட்டர். மெதுவாக நடக்கிறவர் விநாடிக்கு எண்பது சென்டிமீட்டர் போவார். வகுத்தால் இருபத்திரண்டரை, முழுமையாக்கினால் இருபத்து மூன்று. பச்சை அணைந்த பிறகும் எல்லாப் பக்கமும் சிவப்பாக இரண்டு விநாடி இருக்கும், அதைக் கழித்துக்கொள்ளலாம். மீதி இருபத்தொன்று. கணக்கு அவ்வளவுதான். இதற்கு மேல் இந்தக் கதையில் கணக்கு கிடையாது, பயப்படாமல் படியுங்கள்.

3

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, பதினாலு கடக்குமிடங்களுக்குப் புது நேரம் போட வேண்டியிருந்தது. அக்கா ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு, வந்த எண்ணைப் போனில் சொல்லிக்கொண்டே வந்தாள். மறுமுனையில் இருந்தவர் ஃபிட்டர். இருபத்தாறு வருட சர்வீஸ். தோளில் ஏணி இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு, அதனால் 'ஏணிக்காரர்' என்றுதான் பெயர். கேட்ட எண்ணைப் பெட்டிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதுவார், பிறகு அதைப் பார்த்துப் பெட்டியில் வைப்பார். அவருடைய பழக்கம் அது.

சாயங்காலம் அக்கா ஃபைலைச் சேமித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். திங்கட்கிழமை அந்த ஃபைலை மறுபடி ஓட்டி, திரையில் வந்த எண்களை அலுவலகப் படிவத்தில் நிரப்பிக் கையெழுத்துப் போட்டாள்.

ஐந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் முற்பகல், அந்தப் பதினாலில் ஒன்பதாவது இடத்தில், கைத்தடி ஊன்றி நடக்கிற ஒரு தையல்காரர், பச்சை எரிந்ததும் இறங்கினார். தைத்த துணியை ஒரு வீட்டில் கொடுத்துவிட்டுக் கடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். கடப்பதற்குள் விளக்கு மாறி, அந்தப் பக்கத்து வண்டிகளுக்குப் பச்சை விழுந்துவிட்டது. ஒரு வேன் வந்தது. வேன்காரர் மேல் தப்பில்லை; பிரேக்கும் போட்டார். தையல்காரருக்கு உயிர் போகவில்லை. இடுப்பெலும்பு முறிந்தது. ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரி.

விசாரணை வைத்தார்கள். அக்காவின் ஃபைலை ஓட்டினால் இருபத்தொன்று. படிவத்திலும் இருபத்தொன்று. தெருப்பெட்டிக்குள் இருந்தது பத்தொன்பது. கதவின் உள்பக்கம் பென்சிலில் இருந்ததும் பத்தொன்பது.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இருபத்தொன்னு. பத்தொன்பது. தெரு இரைச்சலில், ஏணி மேல் நின்றுகொண்டு, காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு கேட்டால் ஒன்று இன்னொன்றாக விழுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? மேலதிகாரி அப்படித்தான் எழுதினார்: ஃபிட்டர் தவறாகக் கேட்டிருக்கிறார். ஏணிக்காரரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

அக்கா நிம்மதியாக இருந்தாள் என்பதையும் எழுத வேண்டும். தையல்காரருக்காக வருத்தப்பட்டாள், ஏணிக்காரருக்காகவும் வருத்தப்பட்டாள். ஆனால் தன் ஃபைல் சரியாக இருந்ததில், காய்ச்சல் விட்ட உடம்பு மாதிரி ஒரு நிம்மதி. அந்த வாரம் நன்றாகச் சாப்பிட்டாள். இந்த வரியை எடுத்துவிடட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "இருக்கட்டும்" என்றாள்.

4

ஏணிக்காரர் இங்கே எனக்குச் சரியாக வரவில்லை. முதலில் அவரைக் கோபக்காரராக எழுதினேன். மேசையைத் தட்டினார், குரலை உயர்த்தினார். பிறகு அழ வைத்தேன். இரண்டும் பொய். நடந்தது ரொம்பச் சின்ன விஷயம்.

ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட வந்தவர், மூன்றாவது மாடி நடையில் அக்காவுக்காகக் காத்திருந்தார். சுவரில் சாயாமல் நேராக நின்றிருந்தார். ஏணி இல்லாததால் ஒரு கையை எங்கே வைப்பதென்று தெரியாத மாதிரி இருந்ததாம்.

"மேடம், நீங்க பத்தொன்பதுன்னுதான் சொன்னீங்க" என்றார்.

தனக்கு ஞாபகமில்லை என்றும், ஆனால் ஃபைலில் இருபத்தொன்று என்றுதான் இருக்கிறது என்றும் அக்கா சொன்னாள்.

"ஃபைல் எனக்குத் தெரியாது மேடம். காது நல்லாத்தான் கேக்குது."

படியில் இறங்கிப் போனார். லிஃப்ட் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

அக்காவுக்கு அன்றிலிருந்து ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கீழே போனதும் அந்த வெள்ளிக்கிழமை ஃபைலை ஓட்டிப் பார்ப்பாள். இருபத்தொன்று. மறுநாள் ஓட்டுவாள். இருபத்தொன்று. கதவைப் பூட்டினோமா என்று நாலு தடவை திரும்பி வந்து பார்க்கிறவர்களைப் போல. பூட்டித்தான் இருக்கும், ஆனாலும் பார்க்காமல் போக முடியாது.

5

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, ஃபைலை ஓட்டுவதில் அவளுக்கே அலுப்பு வந்தது. அச்செடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகக் கையாலேயே தட்டத் தொடங்கினாள். ஏன் என்று கேட்டேன். "சும்மாதான். ஓட்டிப் பாத்தா கண்ணுதான் பாக்குது. தட்டினா கையும் பாக்கும்ல" என்றாள்.

முதல் எட்டு இடங்கள் முடிந்தன. ஒன்பதாவது. அகலம், வேகம், நேரம். நாலாவது வரியைத் தட்டி என்டரை அழுத்தினாள். இந்த வரிக்குத் திரை பதில் ஒன்றும் காட்டாது. சொன்னதைச் செய்துவிட்டுச் சும்மா இருக்கும். அந்த நேரம் பதிவேட்டோடு தபால் பிரிவுக்காரி வந்து கையெழுத்துக் கேட்டாள். அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது வந்தாலோ, போன் வந்தாலோ திரையைத் துடைத்துவிடுவாள். ரகசியம் ஒன்றும் இல்லை; வீட்டில் விருந்தாளி வந்தால் சோபா உறையைச் சரி செய்வது மாதிரி. துடைத்தாள், கையெழுத்துப் போட்டாள், வந்தவளுடைய மகளின் பரீட்சையைப் பற்றி நாலு வார்த்தை பேசினாள், திரும்பினாள்.

திரை வெறுமையாக இருந்தது. இரண்டைக் கழித்தோமா, இல்லையா?

யோசிப்பதற்கு முன்னால் அவள் விரல் மேல்நோக்கும் அம்புக்குறியை அழுத்திவிட்டது. அதை அழுத்தினால் கடைசியாகத் தட்டிய வரி திரும்பி வரும். நேரம் = நேரம் - 2. வந்தது. விரல் என்டரை அழுத்தியது. பிறகு, எவ்வளவு ஆயிற்று என்று கேட்டாள்.

திரை சொன்னது: 19.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரோ பின்னால் அச்செடுக்க வந்தார்கள். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். பிரிண்டர் ஓடி முடிந்து அவர்கள் போனதும், அதுவரை தட்டியதை வேறு பெயரில் சேமித்து, ஃபைலைத் திறந்து பார்த்தாள். இரண்டு தடவை அழுத்திய வரி ஒரே ஒரு தடவைதான் இருந்தது.

அடுத்தடுத்து ஒரே வரி வந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும்படி அந்தக் கறுப்புத் திரையை யாரோ எப்போதோ அமைத்திருக்கிறார்கள். அம்புக்குறியை அழுத்திப் பழைய வரிகளைத் தேடுகிறவர்களுக்கு அதுவே திரும்பத் திரும்ப வந்து எரிச்சலூட்டக் கூடாதே என்பதற்காக. நல்லெண்ணம்தான்.

அந்த ஃபைலை ஓட்டினாள். இருபத்தொன்று.

அப்புறம் இன்னொரு கணக்கும் போட்டாள். இரண்டு விநாடி, எண்பது சென்டிமீட்டர். ஒரு மீட்டர் அறுபது. விபத்து அறிக்கையை எடுத்துப் பார்த்தாள். தையல்காரர் விழுந்து கிடந்த இடத்துக்கும் நடைபாதை ஓரத்துக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் சொச்சம் என்று எழுதியிருந்தது.

(இதற்கு மேல் கணக்கு கிடையாது என்று முன்னால் சொல்லியிருந்தேன். மன்னிக்க வேண்டும்.)

6

அப்படியானால், அந்த வெள்ளிக்கிழமை ஒன்பதாவது இடத்தின் நாலாவது வரியில் அவளைக் கூப்பிட்டது யார்?

முதல் வரைவில் மேலதிகாரி வந்தார். அவர் மேல் பழியைப் போடுவது சுலபம், வாசகர்களுக்கும் பிடிக்கும். இரண்டாவதில் யாரோ தவறான எண்ணில் கூப்பிட்டார்கள். மூன்றாவதில் பள்ளிக்கூடத்திலிருந்து போன்: பிள்ளைக்கு வாந்தி, வந்து கூட்டிக்கொண்டு போங்கள். இது நன்றாக வந்திருந்தது. ஒரு தாய், ஒரு பதற்றம், மன்னிக்கத் தக்க ஒரு தவறு. மூன்று பக்கம் எழுதிவிட்டேன்.

கூப்பிட்டது நான்.

என் போனில் இன்னும் இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை, முற்பகல் பதினொன்று பன்னிரண்டு. நாலு நிமிடம். எதற்காகக் கூப்பிட்டேன் என்றால், ஒரு கதையின் முதல் வரியைப் படித்துக் காட்டுவதற்காக. 'இருந்தாள்' என்று முடிக்கட்டுமா, 'இருக்கிறாள்' என்று முடிக்கட்டுமா என்று கேட்பதற்காக. அக்கா வேலையில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். வேலை நேரத்தில் கூப்பிடாதே என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அந்தக் கதையை அடுத்த வாரம் நானே கிழித்துப் போட்டேன். அவள் என்ன பதில் சொன்னாள் என்பதுகூட எனக்கு ஞாபகமில்லை.

துணி மடித்த சனிக்கிழமையன்று இதை நான்தான் அவளிடம் சொன்னேன். போனை எடுத்துத் தேதியைக் காட்டினேன். அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தாள். "ஓ" என்றாள். அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால் எழுத வசதியாக இருந்திருக்கும்.

7

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

ஒன்றில் அக்கா வாயைத் திறக்கவில்லை. அத்தானின் கட்சி இது. கெட்டவர் இல்லை அவர். ஃபிட்டரைக் கொஞ்ச நாளில் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார்கள், எங்கும் நடக்கிறதுதான், நீயாகப் போய் ஏன் தலையைக் கொடுக்கிறாய் என்றார். சொல்லிவிட்டு அவளுக்குப் பிடித்தபடி காபி போட்டுக் கொடுத்தார். இந்த முடிவில் அக்கா ஓய்வுபெறும் நாள் வரை மத்தியானங்களில் சாப்பிடுவதில்லை.

இரண்டாவதில் அவள் உண்மையைச் சொல்கிறாள், எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், ஏணிக்காரர்— வேண்டாம். எழுதும்போதே கூச்சமாக இருந்தது.

மூன்றாவதில் ஃபைலைத் திருத்தி, விடுபட்ட வரியைச் சேர்த்துவிடுகிறாள். உண்மைக்காக ஒரு பொய். எனக்கு இது பிடித்திருந்தது. அக்காவிடம் சொன்னேன். "ஏண்டி, திருத்தின தேதி ஃபைல்லயே தெரியுமே" என்றாள். அவள் அதையும் யோசித்துப் பார்த்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

நடந்தது என்னவென்றால், துணி மடித்த சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை காலையில் அவள் விசாரணை அறைக்குப் போனாள். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த பெண் அதிகாரி, கூர்மையானவர், பல்வலியோ என்னவோ கன்னத்தில் கையை வைத்துக்கொண்டே பேசினார். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். ஃபிட்டர் சரியாகத்தான் கேட்டார், தப்பாகச் சொன்னது தான்தான் என்றாள்.

அவர்கள் ஃபைலை வாங்கி ஓட்டிப் பார்த்தார்கள். இருபத்தொன்று.

"கம்ப்யூட்டரே உங்க பக்கம் இருக்கும்மா" என்றார் மூவரில் ஒருவரான மேலதிகாரி. நல்ல மனதோடுதான் சொன்னார்.

அம்புக்குறியை அழுத்திக் காட்டினாள். பத்தொன்பது வந்தது. சேமித்தாள், ஓட்டினாள், இருபத்தொன்று வந்தது. நடு அதிகாரி கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"இப்படி நடக்கலாம்னு காட்டிட்டீங்க. அன்னைக்கு இப்படித்தான் நடந்துச்சுன்னு எது காட்டும்?"

தப்புச் செய்யாதவர்கள் அதை நிரூபிக்கத் திண்டாடுவதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். செய்ததை நிரூபிக்க முடியாமல் ஒருத்தி அந்த அறையில் உட்கார்ந்திருந்தாள். ரொம்பக் களைப்பாக இருந்ததாம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றாள். பிறகு, அந்த நேரத்தில் தனக்கு ஒரு போன் வந்தது, கூப்பிட்டது தன் தங்கை என்று சொன்னாள்.

உங்கள் தங்கைக்கு என்ன ஞாபகம் இருக்கிறதோ அதை எழுதித் தரச் சொல்லுங்கள் என்றார் அந்த அதிகாரி.

8

ஒரு பக்கக் கடிதம். கதை எழுதுகிறவளுக்கு ஒரு பக்கம் என்ன பெரிய காரியம் என்று நினைப்பீர்கள். நாலு நாள் ஆயிற்று.

தேதி, மணி, எவ்வளவு நேரம் பேசினோம் என்பதெல்லாம் போனிலேயே இருந்தது. அவற்றை எழுதினேன். ஆனால் நாலு நிமிடம் பேசியது மட்டும் எதைக் காட்டும்? நான் கூப்பிட்டபோது அவள் ஒன்பதாவது இடத்தில் இருந்தாளா, பத்தாவதிலா? என்டரை அழுத்தியிருந்தாளா? எனக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது நாள் ஒன்று ஞாபகம் வந்தது. போனை வைப்பதற்கு முன்னால் அக்கா, என்னிடம் இல்லை, தனக்குத்தானே முணுமுணுத்தது:

"கழிச்சேனா இல்லையான்னே தெரியலையே."

இந்த வரி வந்ததும் எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் பயம் வந்தது. இது நான் கேட்டதா, எழுதியதா? ஒரு பாத்திரம் எந்த இடத்தில் என்ன சொன்னால் பொருத்தமாக இருக்கும் என்று யோசிப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. தேவைப்பட்ட இடத்தில் தேவைப்பட்ட வரி இவ்வளவு கச்சிதமாக வந்து நிற்கிறதென்றால், நானே அதைச் சந்தேகப்பட வேண்டாமா? எத்தனை தடவை அந்த போனை மனதில் ஓட்டிப் பார்த்தாலும் அந்த வரி வருகிறது. ஆனால் முதல் தடவை ஓட்டியபோது அது இருந்ததா என்று எனக்கு இப்போது தெரியவில்லை.

அக்காவிடம் கேட்டேன். அவளுக்கு ஞாபகமில்லை. "நீ கேட்டிருந்தா எழுது. கேக்கலேன்னா எழுதாதே" என்றாள். அவளைப் பொறுத்தவரை அது அவ்வளவு நேரான விஷயம்.

எழுதினேன். கேட்டதாகத்தான் எழுதினேன். 'என்று நினைக்கிறேன்' என்று சேர்த்தேன், அடித்தேன், மறுபடி சேர்த்தேன், கடைசியில் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கடிதத்தைப் பற்றி நான் வெளியே சொல்வது இதுதான் முதல் தடவை.

9

ஏணிக்காரரை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவர் மேல் குற்றமில்லை என்று ஒரு காகிதமும் கொடுத்தார்கள். அக்காவுக்கு எழுத்தில் கண்டனம் வந்தது. விளக்குகளின் கணக்கிலிருந்து அவளை எடுத்து, தரைத்தளத்தில் பழைய வரைபடங்களை அடுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னல் இருக்கிறது, பின்னால் பிரிண்டர் இல்லை. ஆனாலும் முதல் வாரம் முழுக்க யார் நடந்து போனாலும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாளாம். கறுப்புத் திரையின் அமைப்பை மாற்றிவிட்டார்கள். இப்போது ஒரே வரியைப் பத்துத் தடவை அழுத்தினால் பத்தும் ஃபைலில் இருக்கும். அந்த இடத்தில் பச்சை இருபத்தைந்து விநாடி எரிகிறது.

ஏணிக்காரர் ஒரு நாள் தரைத்தளத்துக்கு வந்தார். நன்றி சொல்வார் என்று நான் எழுதியிருந்தேன், சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. வாசலிலேயே நின்றார்.

"அன்னைக்கு உங்க குரல் ரொம்ப அசந்து கிடந்துச்சு மேடம். அந்த ரோட்டு அகலத்துக்கு இது கம்மியா இருக்கேன்னு தோணுச்சு. ஒரு தரம் திருப்பிக் கேட்டிருக்கணும் நான்."

அக்கா அவரை உட்காரச் சொன்னாள். வெளியே வண்டி நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மீதி இருப்பது தையல்காரர். வீட்டுக்கு வந்துவிட்டார், கடையையும் திறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அக்கா கிளம்பினாள். தனியாகப் போகிறேன் என்றவள், தெருமுனை வந்ததும், நீயும் வா, ஆனால் உள்ளே வராதே என்றாள். கையில் ஒரு பை. அதில் அத்தானுடைய பேன்ட் இருந்தது, ஓரம் பிரிந்தது. உண்மையாகவே பிரிந்துதான் இருந்தது. அவளாகப் பிரிக்கவில்லை என்று நம்புகிறேன்.

கடைக்குக் கண்ணாடிக் கதவு. நான் எதிரே நடைபாதையில் நின்றேன். உள்ளே தையல்காரர் உயரமான ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மிஷினில் வேறு யாரோ ஒரு பெண்மணி தைத்துக்கொண்டிருந்தார், மனைவியாக இருக்கலாம். அக்கா பையிலிருந்து பேன்ட்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார், விரலால் அளந்தார், ஏதோ கேட்டார். அக்கா பதில் சொன்னாள். அதோடு வேலை முடிந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். அவள் வரவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். பிறகு பேசத் தொடங்கினாள்.

நீளமாகப் பேசினாள். மிஷின் நின்றது. எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நடுவே தெரு, வண்டிகள், கண்ணாடி. தன்னைப் பற்றித்தான் சொன்னாளா, அல்லது கடைசி நிமிடத்தில் மனம் தாங்காமல் ஓரத்தை எந்த நூலால் தைக்க வேண்டும் என்பதைப் பற்றி அவ்வளவு நேரம் பேசினாளா, தெரியாது. திரும்பி வரும்போது கேட்டேன். "வியாழக்கிழமை வாங்கிக்கச் சொன்னாரு" என்றாள்.

அவள் உதடுகளுக்கு நான் வசனம் எழுதலாம். எழுதிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. அதனால்தான் அதை இங்கே வைக்கவில்லை. கேட்டேனா எழுதினேனா என்று தெரியாத ஒரு வரிக்குக் கீழே ஏற்கெனவே ஒரு தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இன்னொரு தடவை என்னால் ஆகாது. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் பார்த்தது இவ்வளவுதான்: அக்கா பேசி முடித்ததும் தையல்காரர் தடியைத் தேடி எடுத்து, மேசையில் ஒரு கையை ஊன்றி, வெகுநேரம் எடுத்துக்கொண்டு எழுந்தார். அந்தப் பெண்மணி பிடிக்க வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்தார். ஒவ்வொரு அடியாக மூலைக்குப் போய், அங்கிருந்த ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்து அக்காவின் முன்னால் போட்டார்.

அக்கா உட்கார்ந்தாள்.